என் விரலில் எடுத்த அப்பாவின் சர்க்கரை

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் இதைப் படித்து முடிக்கும்போது நீ நலமாக இருக்கமாட்டாய். அதற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா தூங்கிவிட்டார். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். போன் அவர் தலையணைக்கு அடியில் இருக்கிறது. நான் உனக்குப் படம் அனுப்பும்போதும், ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போதும் பக்கத்திலேயே இருப்பார். காலை முதல் பேருந்தில் போகிற கண்டக்டர் மாமாவிடம் இதைக் கொடுப்பேன். மதியம் உன் விடுதிக்கு வந்துவிடும்.

அக்கா, இரண்டு மாதமாக நான் உனக்குப் படம் எடுத்து அனுப்பிய சர்க்கரை அளவெல்லாம் அப்பாவுடையது இல்லை. என்னுடையது.

நீ நர்சிங் படிக்கப் போன பிறகுதான், கண் மங்குகிறது என்று அப்பாவைப் பேருந்திலிருந்து இறக்கி, டிப்போவில் சாவி கொடுக்கிற அறையில் உட்காரவைத்தார்கள். இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர் இப்போது மற்றவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுக்கிறார். "என்ன சாவி அண்ணே, இன்னைக்காவது ஒரு ரவுண்டு வர்றீங்களா?" என்று கேட்பார்களாம். அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்று இரவு சாப்பிடவில்லை. அப்புறம் தினமும் வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். சவரம் கிடையாது. இன்சுலினை நீட்டினால், "போட்டு என்னத்தக் கிழிக்கப் போறேன்" என்பார்.

காலையில் மெஷின் 260 காட்டினால் நாள் முழுக்க அந்த 260 அவர் முகத்திலேயே இருக்கும். படத்தைப் பார்த்துவிட்டு நீயும் போனில் கத்துவாய். "வாயக் கட்டுங்கன்னா கட்டமாட்டீங்களா? கால எடுத்தாத்தான் புத்தி வருமா?" என்பாய். பயத்தில்தான் திட்டுகிறாய் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரு நாள் நீ போனை வைத்த பிறகு, "பரீட்சையில ஃபெயிலான பையன் மாதிரி இருக்குடி" என்றார். உன்னைக் குறை சொல்லவில்லை. செய்தது நான்தான்.

ஒரு சனிக்கிழமை அவர் எழுந்திருக்கவே இல்லை. "உங்கம்மாவோடவே நானும் போயிருக்கலாம்" என்றார். விரலில் குத்தும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வாரே, அவ்வளவு பெரிய வண்டியை ஓட்டியவர்! குத்தி, துடைத்துவிட்டு, வெளிச்சத்தில் பார்க்கிறேன் என்று ஜன்னலுக்குப் போனேன். அங்கே வேறு ஊசியால் என் விரலைக் குத்தி, அந்த இரத்தத்தை மெஷினில் வைத்தேன். 92. அன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்றுதான் நினைத்தேன்.

அவர் மெஷினை வாங்கி இரண்டு தரம் பார்த்தார். எழுந்து சவரம் செய்துகொண்டார். "பாத்தியா, இந்த வண்டி இன்னும் பழைய இரும்புக் கடைக்குப் போகல" என்றார். மறுநாள் போனில் நீ சபாஷ் என்றதும் எனக்கு ஒரு கரண்டி சோறு அதிகமாகப் போட்டார். அந்த முகத்துக்காகத் திங்கட்கிழமையும் குத்திக்கொண்டேன்.

நம்பர்தான் நல்லா இருக்கே என்று டீயில் சர்க்கரை போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். போன வாரம் டாக்டர் நாம் தினமும் அளவு எழுதிவைக்கிற நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இரத்தப் பரிசோதனையை அடுத்த தடவை எடுத்துக்கொள்ளலாம் என்றார். இன்சுலினைப் பாதியாகக் குறைத்துவிட்டார். "பொண்ணு நல்லாப் பாத்துக்குது" என்று என் தலையைத் தட்டிக்கொடுத்தார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நோட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இரவில் நாலைந்து தரம் எழுந்து தண்ணீர் குடிக்கிறார். நேற்று மாடிப்படியில் ஒரு செருப்பு கழன்று விழுந்தது. அது தெரியாமலே மேலே வந்துவிட்டார். குதிகாலில் ஒரு கொப்புளம், வலிக்கவே இல்லை என்கிறார்.

இன்று காலை அவர் இரத்தத்தையே வைத்துப் பார்த்தேன். 412. சொல்லிவிடத்தான் திரும்பினேன். அவர் தன் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். எத்தனை மாதம் கழித்து! "எவ்வளவுடா?" என்றார். 104 என்றேன். விசில் அடித்துக்கொண்டே வேலைக்குப் போனார்.

அக்கா, கடிதம் கிடைத்ததும் கிளம்பி வா. காலையில் அவரிடம் சொல்லப் பார்ப்பேன். வாய் வருமா என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போ. டாக்டரிடம் சர்க்கரையை மட்டும் சொல்லாதே, சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்ததையும் சொல். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் அடி. ஆனால் வீட்டுக்குள் வந்ததும் அவரிடம் நம்பரைக் கேட்காதே. சாப்பிட்டீங்களாப்பா என்று கேள்.

சமையலறையில் குழாய்ச் சத்தம் கேட்கிறது. மறுபடியும் எழுந்துவிட்டார். விளக்கை அணைக்கிறேன். வந்துவிடு அக்கா.

உன் தங்கை,
குட்டி