நாற்பத்தொரு காய்ச்சல் மனு

கேட்டி, டெக்ஸாஸ்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள கண்ணு எழிலரசிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயல் இனியனும் அப்படியே இருக்க மருதமலையான் துணை. எல்லாரும் முதலில் எழுதுகிற வரிதானே என்று தாண்டிப் போய்விடாதே, இந்தத் தடவை அதைச் சொல்லத்தான் கடிதமே. போனில் உன் குரலைக் கேட்டால் அழுகைதான் முந்துகிறது.

வியாழக்கிழமை கோர்ட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு காமாக்ஷிதான் ஹூஸ்டன் டவுன்டவுன் வரைக்கும் டிரைவ் பண்ணிக் கூட்டிப்போனாள். ஜெயிலிலிருந்து அப்பாவைக் காலில் சங்கிலி போட்டு அழைத்து வந்தார்கள், பாவி மனுஷன் என்னைப் பார்த்ததும் சாப்பிட்டாயா என்று கையைக் காட்டிக் கேட்கிறார். ஊரில் சாய ஆலையில் அப்பா இன்ஜினியராக இருந்தபோது பாய்லர் வெடித்து இரண்டு பேர் செத்தார்களே, அது யார் தப்பு என்று இந்த ஜட்ஜ் பார்க்கமாட்டாராம். இந்தியா கேட்கிறது, ஆளை ஒப்படைக்கலாமா கூடாதா, அவ்வளவுதான் இங்கே கேள்வி. நமக்காகப் பேசுகிற வக்கீலம்மா, இருபது வருஷமாக இழுத்தடித்தது அந்த ஊர்க் கோர்ட், இவர் ஓடி ஒளியவில்லை என்று நன்றாகத்தான் பேசினார். அதுவரைக்கும் எனக்குக் கொஞ்சம் தெம்பு இருந்தது.

அப்புறம் எதிர்த்தரப்பு ஒரு கட்டைப் பிரித்தது. நம் பழைய வக்கீல் சுவாமிநாதன் ஒவ்வொரு வாய்தாவுக்கும் போட்ட மனுக்கள், இங்கிலீஷில் மாற்றி வைத்திருக்கிறார்கள், நாற்பத்தொன்று. கட்சிக்காரர் உடல்நலக் குறைவால் வர இயலவில்லை என்று அவர் எழுதிக் கொடுப்பார், அங்கே ஜட்ஜ் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த தேதி போடுவார். சட்டம் எழுதின வெள்ளைக்காரன் போய்ச் சேர்ந்துவிட்டான், வாய்தா மட்டும் போகவில்லை. எல்லாரும் செய்வதுதானே, அது பொய் என்றே நமக்குத் தோன்றியதில்லை. சுவாமிநாதன் கண்ணை மூடினபிறகு மூன்று தேதிக்கு மனுப் போட ஆளில்லை, வாரண்ட் ஆகி, தலைமறைவு ஆகி, இங்கே வந்து நிற்கிறது. ஒவ்வொன்றாகப் படித்தார்கள் கண்ணு. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, இடுப்புப் பிடிப்பு, அம்மை மட்டும் மூன்று தடவை. மூன்றாவது அம்மையைப் படித்ததும் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தத் தேதியிலேயே நான் பேஸ்புக்கில் போட்ட போட்டோவைத் திரையில் காட்டினார்கள், தமிழ்ச் சங்கப் பொங்கலில் உங்கப்பா வேட்டி கட்டிக்கொண்டு கரண்டியோடு நிற்கிறார். நான்தானே போட்டேன், என் கையைத்தான் வெட்ட வேண்டும். ஊரில் படுக்கையில் இருப்பதாகச் சொல்லிவிட்டு இங்கே பொங்கல் பரிமாறினால் அதற்குப் பேர் ஒளிவது இல்லையா என்று ஜட்ஜ் கேட்டார். செத்துப்போனவர்களின் பெண்டாட்டிகள் அந்த நாற்பத்தொரு தடவையும் கோர்ட்டுக்கு வந்தார்களாம், இவருக்குக் காய்ச்சல் என்று கேட்டுக்கொண்டு திரும்பப் பஸ் ஏறியிருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் அவர்களை நான் நினைத்ததே இல்லை.

அன்றிலிருந்து வாசலில் கார் நின்றாலே ஜன்னல் திரையை இழுத்து மூடிவிடுகிறேன். பார்சல் கொண்டுவந்தவனுக்குக்கூடக் கதவைத் திறக்கவில்லை, அவன் வைத்துவிட்டுப் போய்விட்டான். இப்போது அங்கே புது வக்கீல் முகுந்த், பதினெட்டாம் தேதி வாய்தாவுக்கு அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் என்று உன்னிடம் கையெழுத்துக் கேட்கிறானாமே, சும்மா ஃபார்மாலிட்டிக்கு என்கிறானாமே. போடாதே சாமி. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், போடாதே. அது நாற்பத்திரண்டாவதாக இங்கே வந்து சேரும், அதில் உன் பேரும் இருக்கும். அவரைப் பிடித்துக்கொண்டது போதாதா.

ஞாயிற்றுக்கிழமை ஜெயிலில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து அப்பா சொன்னார். "எழிலுகிட்ட சொல்லிரு, எனக்கு ஒண்ணுமில்லைன்னே எழுதட்டும். கூட்டிட்டு வந்தா வந்து நிக்கிறேன்னு எழுதட்டும்." அறுபத்தாறு வயசு, அங்கே ஜெயிலில் போட்டால் தீர்ப்பு வருகிறவரைக்கும் இருப்பாரா என்று யார் சொல்வது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் இத்தனை வருஷத்தில் அன்றுதான் அவர் முகத்தில் ஒரு தெளிவைப் பார்த்தேன், அதனால் பேசாமல் வந்துவிட்டேன்.

பதினெட்டாம் தேதி தனியாகப் போகாதே, மாப்பிள்ளையைக் கூட்டிக்கொள், வெறும் வயிற்றோடு போகாதே. அந்த இரண்டு பெண்கள் வந்திருந்தால் ஒரு கும்பிடு போடு, அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் பரவாயில்லை. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும், இனியனுக்கு இந்த அம்மாயியின் முத்தம், இரண்டு கன்னத்திலும். அன்று கொடுக்கிற மனுவில் காரணம் என்று ஒரு வரி வரும். கட்சிக்காரர் சேனாபதி நலமாக இருக்கிறார், டெக்ஸாஸ் ஜெயிலில் இருக்கிறார் என்று எழுது. என்னைப் பற்றி அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால், பயந்துபோய் இருக்கிறாள், உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்.

உன் அம்மா,
வள்ளி