வெள்ளி சிவந்ததற்கெல்லாம் நிறுத்த மாட்டேன்

அன்பு மகள் வாண்டுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற குட்டியும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதுதான் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. இரண்டாவது நினைப்பு, ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது. போனில் பதில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன், இரண்டும் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். பொறுமையாக, காலை நீட்டி உட்கார்ந்து படி.

நான் செய்த தோடுகளின் வெள்ளி சிவந்துபோன கதையை அப்பா உன்னிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறார். நடந்தது இதுதான். வெள்ளியில் கம்பியைப் பற்றவைத்தால் கறுத்துப்போகும். கறுப்புப் போக அமிலத் தண்ணீரில் ஊறப்போட்டு, செம்பு இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். அன்று அந்த இடுக்கி எங்கோ போய்த் தொலைந்தது, நான் அவசரத்தில் அடுப்படிக்குப் போய்ப் பால் பாத்திரம் இறக்கும் இரும்பு இடுக்கியைக் கொண்டுவந்து அதற்குள் விட்டுவிட்டேன். முப்பது வருஷமாகக் கையில் இருப்பது அதுதானே, கை தானாக அங்கே போனது. அந்தத் தண்ணீரில் ஏற்கெனவே கரைந்து கிடந்த செம்பெல்லாம், இரும்பு பட்டதும் வெள்ளியில் போய் ஒட்டிக்கொண்டது. தன் கடையில் விற்கக் கேட்டிருந்த தையல்கடை அம்மாவுக்காகச் செய்து வைத்திருந்த அத்தனை தோடும் ரோஜா நிறத்தில் வெளியே வந்தன. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, தங்கம் ஆக்கத் தெரியலேன்னா இப்படித்தான் செம்பாக்கணும் என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார். ஆனால் அவர் உனக்குச் சொல்லாதது, நான் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் நைசான உப்புத்தாளால் தேய்த்து வெள்ளையாக்கியது. விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. தையல்கடை அம்மா ஒரு தோட்டைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை.

நீ அதைக் கேட்டுவிட்டு, போதும்மா, இதெல்லாம் உனக்கு எதுக்கு, அங்கே சும்மாதானே இருக்கே, இங்கே வந்து ஒரு வருஷம் குழந்தையைப் பாத்துக்கோ என்றாய். அந்தச் சும்மாதான் என்னைச் சுட்டது. உன் பெரியப்பா வந்து என் மேசையைப் பார்த்துவிட்டு, தங்கமும் இல்லே, கல்லும் இல்லே, இது என்ன நகை என்றார். வாங்கச் சொல்லி உங்களை யாரும் கூப்பிடலையே என்று சொல்லிக் காபியைக் கையில் கொடுத்தேன். சித்தி, இந்த வயசுல இது தேவையா என்றாள், அவளுக்கும் ஒரு பதில் கிடைத்தது. அவர்கள் பேசினால் எனக்குத் தூசி. நீ சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது.

நீ வேலையை விடக் கூடாது, அதனால் நான் வர வேண்டும் என்கிறாய். விடவே கூடாது, நானே அதற்குச் சம்மதிக்க மாட்டேன். நீ படித்த படிப்புக்கு நான் காவல் இருந்தவள். ஆனால் உன் வேலை நிற்காமல் இருக்க என் வேலை நிற்க வேண்டும் என்று எப்படி முடிவு செய்தாய் வாண்டு? பழைய தையல் மெஷின் மேசையில் உட்கார்ந்து செய்கிறேன் என்பதால் அது வேலை இல்லாமல் போய்விடுமா? குழந்தை பிறந்த இரண்டாம் மாதம் இங்கே நகைக் கண்காட்சி. எனக்கென்று ஒரு மேசை, நான் வரைந்த உருவம், நான் அறுத்த தகடு. வாக்குக் கொடுத்துவிட்டேன். பின்வாங்கப் போவதில்லை.

உன்னைப் பார்க்கவும் குட்டியைத் தூக்கவும் எனக்கு உயிர் துடிக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். பிரசவத்துக்கு நான் வருவேன், ஒரு மாதம் உன் பக்கத்தில்தான் இருப்பேன், உனக்கு வெந்நீர் போடுவதிலிருந்து எல்லாம் நான்தான். அதற்கப்புறம் அங்கே இருக்கப்போவது அப்பா. ரிட்டயர் ஆனதிலிருந்து இந்த வீட்டில் சும்மா இருப்பது அவர் ஒருவர்தான். சொன்னதும் மனிதர் ஆடிப்போய்விட்டார், எனக்குக் குழந்தையைப் பிடிக்கக்கூடத் தெரியாதே என்றார். எனக்கும்தான் பற்றவைக்கத் தெரியாது, கத்துக்கலையா என்றேன். நேற்றுப் பக்கத்து வீட்டுக் குழந்தையை வாங்கி மடியில் வைத்துப் பார்த்தார். அது வேட்டியை நனைத்தது, ஆனாலும் கீழே விடவில்லை. ரசமும் பொரியலும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், உப்பு மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை.

பக்கெட் தூக்காதே. மாத்திரையை மறக்காதே. மாப்பிள்ளையைப் பாத்திரம் கழுவப் பழக்கு, இப்போதே தொடங்கினால்தான் உண்டு. குட்டியும் நீயும் நல்லபடியாக, நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உங்களோடுதான்.

டிக்கெட் எடுக்கும்போது ஒன்று கவனி. எனக்குத் திரும்பி வருவதற்கும் சேர்த்து எடு. அப்பாவுக்குப் போவதற்கு மட்டும் போதும்.

உன்மேல் கோபமும் அதைவிட அதிகமாகப் பிரியமும் உள்ள,
அம்மா