மேனேஜருக்கு வந்த மருந்து

என் செல்லத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் கோழிகளும் சௌக்கியம், உன் அப்பாவின் தலை மட்டும் சரியில்லை, அதை வரிசையாகச் சொல்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை கோழி ஆராய்ச்சி பண்ணுகிறேன் பேர்வழி என்று பட்டினி கிடக்கிறாயா? போன தடவை ஃபோனில் கழுத்தெலும்பு தெரிந்தது.

பண்ணையையே மேற்பார்வை பார்க்கிற மாதிரி நடப்பானே நம் கிழட்டுச் சேவல் மேனேஜர், அந்த இனத்துச் சேவலில் அவன் ஒருவன்தான் மிச்சம் என்பது உனக்குத் தெரியும். பெட்டைகள் இருப்பதோ உன் சித்தப்பா பண்ணையில், ஒரு பகல் பயணம். கூண்டில் கொண்டுபோனால் வழியிலேயே போய்விடுவான் என்றார் மாட்டு டாக்டர். சரி, ஆள்தானே போக முடியாது என்று அவன் விந்தை மட்டும் எடுத்து ஐஸ் பெட்டியில் இரண்டு முறை அனுப்பினோம் (பெற்ற பெண்ணுக்கு இதையெல்லாம் எழுத வேண்டியிருக்கிறது பார்). இரண்டு முறையும் போய்ச் சேர்வதற்குள் வீரியம் போய் எல்லாம் கூமுட்டை. உன் சித்தப்பா கூப்பிட்டு, "அண்ணி, ஆம்லெட் பிரமாதம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்புறம்தான் நீ அந்தச் சின்னக் குப்பியை அனுப்பினாய். நறுக்கிய ஆப்பிள் காற்றுப்பட்டுக் கறுக்கிற மாதிரி, குளிரில் வைத்தாலும் விந்தணு ஆக்சிஜனால் கெடும், அதோடு சேர்க்கிற கலவை நீரில் இந்த வைட்டமின் ஈ மருந்து இரண்டு சொட்டு விட்டால் தாங்கும், இதற்குப் பேர் ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்று நீ விளக்கியபோது அப்பாவும் பக்கத்தில்தான் இருந்தார். முழுசாகக் கேட்டாரா? மனிதர்களுக்கும் முதுமையைத் தள்ளிப்போடும் என்கிறார்கள் என்று நீ பேச்சுவாக்கில் சொன்னதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

மேனேஜருக்குக் கால் தள்ளாட ஆரம்பித்தது. இதற்குமேல் அவனைத் தொந்தரவு பண்ணக்கூடாது, இதுதான் கடைசி என்று சொல்லி எடுத்துவிட்டு டாக்டர் குழாயும் கையுமாக நிற்கிறார், நான் ஃப்ரிட்ஜைத் திறந்தால் குப்பி காலி. "ஆவியா போயிருக்கும்" என்றார் அப்பா. மூடி திருகிய குப்பியில் என்ன ஆவி? டாக்டர் குப்பியையும் அப்பாவின் பளபளக்கும் வழுக்கையையும் மாறி மாறிப் பார்த்தார். "குளிச்சதும் கொஞ்சூண்டுதான் தடவுனேன்" என்று முனகல் வந்தது. அந்தத் தலையை வழித்துக் குழாயில் விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது எனக்கு. ஆனால் இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியவளுக்கு இந்த மனுஷனைத் தெரியாதா? குப்பி வந்த அன்றே பாதியை வேறொன்றில் ஊற்றி, அவர் கை போகவே போகாத இடமாகப் பார்த்து, பாகற்காய்க்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன்.

ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நானே போனேன். பக்கத்து சீட்டுக்காரி, "உள்ள என்னக்கா, பலகாரமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள், மருந்து என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அங்கே பெட்டைகள் இட்ட முட்டைகளை அடைவைத்து ஒரு வாரம் கழித்து விளக்கில் பிடித்துப் பார்த்தால் சிவப்பாக நரம்பு ஓடியிருக்கிறது, உன் சித்தப்பா ஆம்லெட் பேச்சே எடுக்கவில்லை. குஞ்சு பொரிப்பதற்குள் மேனேஜர் போய்விட்டான். அப்பாவே குழி தோண்டினார், அழுதார், நானும்தான். நேற்று குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டோம், அதில் ஒன்று இறங்கியதுமே மற்றவற்றை மேற்பார்வை பார்க்கக் கிளம்பிவிட்டது. அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எதற்காகத் தடவினீர்கள் என்று அப்போதுதான் நிதானமாகக் கேட்டேன். ஃபோனில் முகத்தைப் பார்த்ததும், "என்னப்பா, இப்படி வயசாயிடுச்சு" என்று நீ சொன்னாயாம். "அவ வர்றதுக்குள்ள கொஞ்சம் சரிபண்ணிடலாம்னு பாத்தேன்" என்றார். ஒரு முடிகூட முளைக்கவில்லை, ஆனாலும் அடுத்த முறை பேசும்போது இளமையாகத் தெரிகிறீர்கள் என்று ஒரு பொய் சொல்லிவிடு. நீ வருகிறவரைக்கும் தாங்குவார்.

நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, எங்கள் ஆசி எப்போதும் உண்டு. சாப்பாட்டை மறக்காதே. மருந்து தீர்ந்துவிட்டது, பெரிய குப்பியாகவே அனுப்பு.

உன் அம்மா