மூக்கழுக்கு அளவு

மார்ச் 4, செவ்வாய்
வேலை முடிந்து, இர்விங் நகர டிராஃபிக்கில் நெளிந்து, மகள் ஓவியாவை டேகேரிலிருந்து கூட்டி வந்தேன். சாதம் போட்டபோது தட்டைக் கையால் மறைத்து, "சியூ சியூ!" என்றாள். டேகேர் நடத்தும் லாவ் ஆன்ட்டி பேசும் கான்டனீஸ் என்ற சீன மொழியாம். 'கொஞ்சம்' என்று அர்த்தமாம். ஐந்து வயதாகிறது, நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில்தான் பதில். கான்டனீஸ் மட்டும் இனிக்கிறதோ?

மார்ச் 7
இன்றைக்கு "தி கம் தோ." துளியூண்டாம். அவள் அப்பா அகிலனும் சேர்ந்து படிக்கிறார். எனக்கு வயிறு எரிகிறது.

மார்ச் 12
"பெய் சி கம் தோ!" மூக்கழுக்கு அளவாம். அப்பாவும் மகளும் உருண்டு உருண்டு சிரித்தார்கள். "சாப்பிடுற இடத்துல பேசுற பேச்சா இது?" என்று கத்திவிட்டேன். பொறாமைதான், வேறென்ன? 'இத்துனூண்டு' என்று விரலை வைத்துக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தேனே, அது எங்க போச்சு? நாள் பூரா அந்தம்மாகிட்ட விட்டது யாரு — நான்தானே.

மார்ச் 14, வெள்ளி
'குழந்தையிடம் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்' என்று லாவ் ஆன்ட்டியிடம் சொல்லிவிடுவதென்று மதியமே போனேன். பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஓவியா "சியூ சியூ" என்றதும் ஆன்ட்டி ஒரே ஒரு ஸ்பூன் வைத்து நிறுத்திவிட்டார். அதை முடித்துவிட்டு இவளே மறுபடி கேட்டாள்! சொல்ல வந்ததை விட்டுவிட்டு அவளைக் கூட்டி வந்தேன்.

காரில் கேட்டேன்: "வீட்ல ஏன்டி 'கொஞ்சம்'னு சொல்ல மாட்டேங்கிற?"

"பிகாஸ் 'கொஞ்சம்' டஸன்ட் வொர்க், அம்மா. யூ கிவ் மோர்."

உண்மைதான். எங்கள் வீட்டில் போதும் என்றால் இன்னொரு கரண்டி விழும். அப்படித்தான் எனக்கும் போட்டார்கள்.

மார்ச் 15
ஒரு ஸ்பூனோடு நிறுத்தினேன். கை துறுதுறுத்தது. சந்தேகமாகப் பார்த்தாள்.

மார்ச் 23, ஞாயிறு
இன்று அவள்தான் பரிமாறினாள். "எவ்ளோ, அம்மா?"

தமிழில்! சந்தோஷத்தில் வழக்கம்போல, "கொஞ்சம் போதும்டா" என்றேன். ஒரு ஸ்பூன் எலுமிச்சை சாதம் வைத்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். எனக்கோ அகோரப் பசி. அகிலன் வேறு திசையில் பார்த்துச் சிரித்தார்.

வெட்கத்தை விட்டுத் தட்டை நீட்டினேன். "இன்னும்... பெய் சி கம் தோ."

"சீ, அம்மா!" என்றாள். விரலால் அளவு காட்டினாள். "இத்துனூண்டு."