மூன்று ராத்திரி காஷ்மீர்

ஜன. 7, புதன்

இந்நேரத்துக்கு எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்கணும், நோட்டே. பகலெல்லாம் பொய் சொல்லவே சரியாகப் போய்விட்டது.

காலையில் ஊதக்காற்று, வெயில் இல்லை. ரேணிகுண்டா ஏர்போர்ட்டில் நானும் சுகுணாவும், ஆளுக்கொரு புது ஸ்வெட்டரில். காலேஜில் ஒரே ரூமில் இருந்தபோது போட்ட திட்டம்: பனியைக் கையில் அள்ளிப் பார்ப்பது. பத்தரைக்கு மெசேஜ். ஸ்ரீநகரில் ஓடுபாதை உறைந்து கிடக்கிறது, விமானம் ரத்து. வெள்ளிக்கிழமை பார்க்கலாமாம்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரரிடமிருந்து: "ஏறிட்டியா?"

"ஏறிட்டேன்" என்று அடித்துவிட்டேன்.

சுகுணா எட்டிப் பார்த்தாள். "ஏமே, பைத்தியமா உனக்கு? கேன்சல்னு சொல்ல வேண்டியதுதானே?"

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர் நகரி இங்கிருந்து இரண்டு மணி நேரம்கூட இல்லை. என் மகள் மித்து அழுதால் அவருக்குத் தாங்காது, பைக்கில் உட்காரவைத்துக் கொண்டுவந்துவிடுவார். அவர் வராவிட்டால் நானே பஸ் ஏறிவிடுவேன். நவம்பரில் அப்படித்தான் ஆனது. அவளுக்குப் பால் மறக்கட்டும் என்று அம்மா வீட்டுக்குப் போனேன், இரண்டாம் நாளே திரும்பினேன். வாசலிலேயே மடியில் ஏறிவிட்டாள். எல்லாம் பாழ்.

ஒரு வயது பத்து மாதம் ஆகிறது. சோற்றைத் தொடுவதில்லை. பொழுதுக்கும் என் பால்தான். சித்தூர் டாக்டர் போன வாரம் திட்டியே விட்டார்: ரத்தம் ரொம்பக் குறைவு, பால் மறக்கடித்துச் சோறு பழக்குங்கள். வேப்பிலை அரைத்துத் தடவிப் பார்த்தேன். பாவாடையால் துடைத்துவிட்டுக் குடித்தாள்.

கடைசியில் மாமியார்தான் வழி சொன்னார். "மூணு ராத்திரி நீ அது கண்ணுல படாம இரு. நாலாம் நாளு மறந்துடும்." இந்தப் பயணத்துக்கு வீட்டில் சம்மதம் கிடைத்ததே அதனால்தான்.

ஆக, திருப்பதி, அலிபிரி ரோட்டில் சுகுணாவின் மாடி ரூம். காஷ்மீர் இதுதான்.

ஜன. 8, வியாழன்

மூட்டமாகவே இருக்கிறது. பால் கட்டிக்கொண்டது. கையைத் தூக்க முடியவில்லை. லேசாகக் காய்ச்சல். மத்தியானத்துக்குள் இரண்டு நைட்டி மாற்றியாச்சு.

மல்லிகைப் பூ வைத்துக் கட்டினால் வற்றும் என்பார்கள். சுகுணா பூக்கடை வரை போய் வெறுங்கையோடு வந்தாள். பூக்காரம்மா கேட்டாளாம், "இந்தப் பனியில மல்லிக்கு எங்கம்மா போவ? கனகாம்பரம் இருக்குது, எட்துக்கினு போ."

அதற்குப் பதில் முட்டைக்கோஸ் இலை. ஃப்ரிட்ஜில் வைத்து, சில்லென்று எடுத்து, ரவிக்கைக்குள்.

"காஷ்மீர்ல ஆப்பிள் கிடைக்கும்னாங்க. உனக்குக் கோஸ் கிடைச்சிருக்கு."

சிரித்தேன். சிரித்தால் வலிக்கிறது.

சாயந்தரம் அவரிடமிருந்து வீடியோ கால். "உன் மூஞ்சியக் காட்டாத, பாப்பா இங்கதான் இருக்குது. பனிய மட்டும் காட்டு, அம்மா பார்க்கணுமாம்."

சுகுணா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஃப்ரீசரில் படிந்திருந்ததைக் கரண்டியால் சுரண்டித் தட்டில் கொட்டி, போனைக் கிட்டத்தில் பிடித்தாள். "ஐஸு! ஐஸு!" மித்துவின் குரல். வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு நின்றேன். குரல் கேட்டதுமே ரவிக்கை நனைந்துவிட்டது.

கீழே ஒரு பஸ். அம்பது பேர் ஒரே மூச்சில், "கோவிந்தா, கோவிந்தா!"

அத்தை: "ஏம்மா, காஷ்மீர்லகூடவா கோவிந்தா போட்றாங்க?"

"பக்கத்து ரூம்ல நம்ம ஊருக்காரங்க அத்தே!" என்று கத்திவிட்டு சுகுணா கட் பண்ணினாள்.

ஏழு மணிக்கு வீட்டுக்காரரிடமிருந்து மெசேஜ். நேற்று ராத்திரி இரண்டு மணி வரை அழுகையாம். இன்று இரண்டு வாய் சோறு, அதையும் துப்பிவிட்டாளாம். படிக்காமலே இருந்திருக்கலாம்.

ஜன. 9, வெள்ளி

மறுபடியும் ரத்து. நாளைக் காலை ஆறு நாற்பதாம். சுகுணா லீவை நீட்டிக்கத் தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கெஞ்சினாள்.

காய்ச்சல் இல்லை. இலை வாடிப்போய் வருகிறது, ஈரம் இல்லை. துவைத்த ஸ்வெட்டர் இன்னும் காயவில்லை. மித்துவின் சிவப்பு சாக்ஸ் ஒன்று என் பையில் வந்துவிட்டிருக்கிறது.

மூன்று மணிக்கு அத்தையே கூப்பிட்டார். தானாகப் போன் எடுக்கிறவர் இல்லை. பின்னால் பவர்லூம் சத்தம்.

"பாப்பா தூங்குது, பேசு. இன்னும் ஸ்வெட்டர் போட்டுக்கினுதான் கீறியா? திருப்பதியில அவ்ளோ குளுரு இல்லியே."

"அத்தே…"

"அவன்கிட்ட சொல்லல. சொன்னா இந்நேரம் பைக்க எட்துக்கினு பூட்டிருப்பான். பொய் சொன்னியே, அதுவும் நல்லதுக்குதான். ராத்திரி ரசஞ்சோறு அர கிண்ணம் துன்னுச்சி. அழுவல."

சுகுணா என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். நானும் குதித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அரைக் கிண்ணம். இதற்காகத்தானே இத்தனையும்? என்னைக் கேட்டாளா என்று அத்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது பதினொன்றரை. சுகுணா பையைக் கட்டிவைத்துவிட்டுத் தூங்குகிறாள். எனக்குப் பனி பார்க்கும் ஆசை எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த சாக்ஸ் கையிலேயே இருக்கிறது. அத்தைக்கு அடித்த மெசேஜை அழித்து அழித்து, கடைசியில் அனுப்பியது இது:

அத்தே, காலைல ஃப்ளைட் போகுதாம். சுகுணா மட்டும் போகட்டும், நான் வீட்டுக்கு வந்துடட்டுமா? இல்ல, வந்தா மறுபடி கெட்டுப்போயிடுமா? பாப்பா என்னை ஒருவாட்டியாவது தேடுச்சா, அத மட்டும் மறைக்காம சொல்லுங்க. முழிச்சிருந்தா சீக்கிரம் பதில் போடுங்க.