கிண்டிக்குள் ஆமென்

அக்கா,

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பைபிளை நான் ரயிலில் இடம் பிடிக்கத்தான் பயன்படுத்துகிறேன். தாம்பரத்தில் வண்டி காலியாக வந்து நின்றதும் ஏறி, லேடீஸ் பெட்டியின் ஜன்னலோர சீட்டில் அதை வைத்துவிட்டு இறங்கிப் போய் டீ குடிக்கிறேன். கர்ச்சீப் போட்டால் எடுத்து எறிந்துவிட்டு உட்காருவார்கள். தண்ணீர் பாட்டிலை வைத்தால் நகர்த்திவிட்டு உட்காருவார்கள். இதைத் தொட மட்டும் ஒருத்திக்கும் தைரியம் வருவதில்லை. பொட்டு வைத்தவள், பர்தா போட்டவள், காதில் பாட்டு மாட்டிக்கொண்டவள் எல்லோரும் அந்தக் கறுப்பு ஜிப் உறையைப் பார்த்து ஒதுங்கி நிற்கிறார்கள். திரும்பி வந்து அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன். உறையிலிருந்து உங்கள் தைல வாசனை இன்னும் போகவில்லை. திறப்பதில்லை.

வண்டலூரிலிருந்து பூக்கூடையோடு வருவாளே மல்லிகா, அவள்தான் ஒரு நாள் கேட்டுவிட்டாள். "இன்னாக்கா, சாமி புக்க சீட்டுல குந்த வச்சிட்டு நீ அங்க டீ குடிச்சிகினு கீறே? அந்தம்மா மேலேந்து பாத்துகினுதான் இருக்கும்."

"பாக்கட்டும். அவங்களும் இப்படித்தான் பிடிச்சாங்க" என்றேன்.

பொய் இல்லையே? இடம் பிடிக்கும் இந்த வித்தையைக் கண்டுபிடித்ததே நீங்கள்தானே. நம் ஜெபக்குழுவின் எதிரெதிர் பெஞ்சுகள் இரண்டையும் நான்கு பைபிள்களால் பட்டா போட்டு வைத்திருந்தீர்கள். நான் அந்தக் குழுவில் சேர்ந்ததும் பக்தியால் அல்ல, முழங்கால் வலியால். பார்க் ஸ்டேஷன் வரை நின்றுகொண்டே போய், ஆபீஸில் கையெழுத்துப் போடும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். ஒரு நாள் நீங்கள் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தீர்கள். "யம்மா, காலையில வேதம் வாசிக்கிற பழக்கம் உண்டா?" என்று கேட்டீர்கள். உங்கள் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. "டெய்லி" என்றேன். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் ஐயர் வாசிக்கும்போது அதே பக்கத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அவர் முடித்துவிடுவார், அவ்வளவுதான் என் வேத அறிவு. ஆனால் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் ஜெபத்துக்கு நேரம் இல்லை என்பது நம் எல்லோருடைய புலம்பலும். தண்ணீர் லாரி, குக்கர், வீட்டுக்காரருக்குத் தனியாக ஒரு சட்னி. நீங்கள் அதை ஒரே வரியில் அடித்தீர்கள். "வீட்ல நேரம் இல்லன்னா ரயில்ல இருக்கு. அதுக்கும் சேத்துத்தான் சீசன் டிக்கெட்." ஸ்டேஷன்களையே ஆராதனை முறைமையாக்கிவிட்டீர்கள். குரோம்பேட்டை வரை பாட்டு. பல்லாவரம் வரை சங்கீதம். திரிசூலத்திலிருந்து பழவந்தாங்கல் வரை அன்றைய அதிகாரம். பரங்கிமலையில் ஜெபக் குறிப்புகள். கிண்டிக்குள் ஆமென். கிண்டியில் ஏறும் கூட்டம் பரிசுத்த ஆவியையே கதவோரம் தள்ளிவிடும் என்பதால் அதற்குமேல் ஒரு நொடி கிடையாது.

அந்த ஆமெனுக்காகவே உங்களைப் பலர் வெறுத்தார்கள், தெரியுமா? எஸ்தர் கண்ணை மூடி, கண்ணீரோடு, நாத்தனாரைக் குறித்துப் பாரத்தோடு ஜெபித்துக்கொண்டிருப்பாள். வண்டி வேகம் குறையும். நீங்கள் ஆமென் சொல்லிவிடுவீர்கள். நாத்தனார் அந்தரத்தில் நிற்பாள். எஸ்தர் ஒரு தடவை என்னிடம் சொன்னாள். "என் ஜெபம் ஒண்ணுகூட முடிஞ்சதே இல்ல ஷீலா. அதான் எதுவும் கேக்கப்படல போல." பாவம், அவள் அதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. நான்தான் சிரித்தேன். அதற்குத் தண்டனையாக எனக்கு பைபிளின் லேவியராகமத்தைப் பங்கு பிரித்துக் கொடுத்தீர்கள். தோல் வியாதிகள், பூசணம், தொழுநோய் எல்லாம் என் வாயால். பக்கத்து பெஞ்சில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண் டப்பாவை மூடிவிட்டாள். "இன்னும் சத்தமா வாசி" என்றீர்கள். "கர்த்தர் செவிடர் இல்ல. இந்த வண்டிதான் செவிடு."

உங்களை அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் ஒரு தோரணை இருந்தது. ஜெபத்துக்காக எல்லோரும் போடும் முந்தானை முக்காடு கிண்டியில் இறங்கிவிடும். உங்களுடையது மட்டும் எழும்பூர் வரை காதை மூடியபடியே இருக்கும். அந்த முக்காட்டுக்குள்ளிருந்து, யார் வரவில்லை, யார் தூங்கி வழிகிறார்கள், யார் அதிகாரத்தைத் தாண்டி வாசித்தார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் சேலையூர் முதல் செம்பாக்கம் வரை எந்த வீட்டில் என்ன சண்டை என்பது பரங்கிமலைக்குள் நமக்குத் தெரிந்துவிடும். அந்தப் பகுதிக்கு மட்டும் நான் தூங்கியதே இல்லை.

என் பையன் ஜோயல் விழுந்த அன்றைக்கு நான் ரயிலைத் தவறவிட்டேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை, அலாரத்தை அமர்த்திவிட்டுத் திரும்பிப் படுத்தேன். அடுத்த வண்டியில் நின்றுகொண்டு போனேன். பைபிள் பையில் இருந்தது. எடுக்கவில்லை. மத்தியானம் போன் வந்தது. பள்ளிக்கரணையில், சதுப்பு நிலத்தை ஒட்டிய ரோட்டில், தண்ணீர் லாரி அவன் பைக்கை உரசிவிட்டுப் போயிருந்தது. தலை தப்பியது. இடது காலில் கம்பி வைத்தார்கள். கம்பி வைத்த கால் மற்ற காலோடு ஒத்துப்போகாது என்று டாக்டர் சொன்னபோது, வீட்டில் நானும் அவரும் மாதிரி என்று எனக்குத் தோன்றியது. சிரிக்கத்தான் பார்த்தேன்.

லீவு முடிந்து நான் திரும்ப வந்த காலையில் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மல்லிகா ஒரு முழம் மல்லியைக் காசு வாங்காமல் மடியில் போட்டாள். நீங்கள் சங்கீதம் முடியும்வரை காத்திருந்தீர்கள். பல்லாவரம் தாண்டியதும், எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டீர்கள்.

"அன்னைக்குக் காலையில ஜெபம் பண்ணியா?"

"இல்லக்கா. அன்னைக்கு முடியல."

"அதான்."

அவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்தை. பிறகு விரல் நுனியை எச்சில் தொட்டு, அன்றைய அதிகாரத்தைத் திறந்தீர்கள். மேலே விமானம் ஒன்று தாழ்ந்து போனது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. எஸ்தர் மட்டும் தன் ஹேண்ட்பேக்கில் இல்லாத எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

அக்கா, எனக்கு ஊசி போடுகிற நாக்கு உண்டு என்று நீங்களே சொல்வீர்கள். ஆனால் உங்களைப்போல் ஒரே வார்த்தையில் ஆளைச் சாய்க்க என்னால் முடிந்ததே இல்லை. அதற்குப் பிறகு நான் ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. ஜுரத்தில் வந்தேன். பந்த் அன்றைக்கு வீட்டு வாசலில் உட்கார்ந்து, மனதுக்குள் குரோம்பேட்டை, பல்லாவரம் என்று ஸ்டேஷன் சொல்லிக்கொண்டே வாசித்தேன். "ஷீலாவுக்கு எழுப்புதல் வந்துடுச்சு" என்று நீங்கள் ஐயரிடம் சொன்னீர்களாம். எழுப்புதலா அது? ஏரியா ரவுடிக்கு மாமூல் கட்டுகிற கடைக்காரன் என்றைக்காவது பக்தியில் கட்டியிருக்கிறானா? ராத்திரி ஜோயல் பாத்ரூமுக்குப் போகும்போது ஒரு கால் தரையில் தேயும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு நான் தினமும் கால் மணி நேரம் கட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வார்த்தையை உங்கள் வாயால் திரும்ப எடுக்க வைக்க என்னென்ன செய்தேன் தெரியுமா? கிறிஸ்துமஸுக்கு முந்திரி போட்டு கேக் கொடுத்தேன். உங்கள் மருமகனைப் பற்றி நீங்கள் சொன்னதையெல்லாம் நம்பினேன். ஒரு நாள் துணிந்து கேட்டேவிட்டேன். "அக்கா, ஒரு நாள் விட்டுட்டா கர்த்தர் கோவப்படுவாரா?"

"கோவப்பட மாட்டார்" என்றீர்கள். எனக்கு மூச்சு வந்தது. "ஆனா..." என்றீர்கள். கிண்டி வந்துவிட்டது. ஆமென்.

ஜோயலிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. எஸ்தர் சொல்லிவிட்டாள், அவள் வாய்க்குத்தான் கிண்டியே கிடையாதே. அவன் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு கேட்டான். "மா, அந்த லாரி டிரைவர் அன்னைக்கு ஜெபம் பண்ணிட்டு வந்தானான்னு அந்த ஆன்ட்டிகிட்ட கேட்டுச் சொல்லு. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்ல." நான் அவனை அதட்டினேன். பிறகு சமையலறைக்குப் போய், அதையே மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். தைரியம் வரவில்லை.

அப்புறம் உங்களுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். முதலில் வாயு என்றீர்கள், உபவாசம் என்றீர்கள், முக்காடு தளர்ந்து கழுத்தெலும்பு தெரிந்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தீர்கள். குரோம்பேட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குழுவே ஆரஞ்சுப் பையோடு போய்ப் பாடிவிட்டு வந்தது. நான் போகவில்லை. எனக்குக் கூட்டம் இல்லாத நேரம் வேண்டியிருந்தது.

ஒரு மத்தியானம் தனியாக வந்தேன். உங்கள் மகள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். கட்டிலில் நீங்கள் இருந்தது போர்வை மடிப்பு மாதிரிதான் இருந்தது. உங்களை முதன்முறையாக முக்காடு இல்லாமல் பார்த்தேன். காதுகள் பெரிதாக, குழந்தைக்கு இருப்பதுபோல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு நிமிஷம் மனது இளகியது. அதை இறுக்கிக்கொண்டேன். இந்த ஒரு வாக்கியத்தை ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஒத்திகை பார்த்து வந்திருக்கிறேனே, அதைத் திருப்பி வீட்டுக்கா கொண்டுபோவது?

ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, கிட்டத்தில் குனிந்து, மெதுவாகச் சொன்னேன். "அக்கா, நீங்க ஒரு நாள்கூட விட்டதில்லையே. மழையில வந்தீங்க, ஜுரத்துல வந்தீங்க. அப்புறம் ஏன் உங்களுக்கு இது? நான் ஒரு நாள் விட்டேன், என் பிள்ளைக்குக் கால் போச்சு, 'அதான்'னு சொன்னீங்க. இப்ப நான் என்ன சொல்லட்டும்? அந்த வார்த்தைய நீங்களே வாபஸ் வாங்கிக்கங்க. உங்களுக்காகவும்தான் கேக்கறேன்."

சாகக் கிடக்கிறவளிடம் பேசுகிற பேச்சா என்று கேட்பீர்கள். அதே பேச்சுத்தான். எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம் இல்லை. நீங்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கண் நகரவில்லை. நான் முடித்ததும் கண்களை மூடினீர்கள். உலர்ந்த உதட்டை நனைத்துக்கொண்டு, நிதானமாக, முழுக் குரலில் சொன்னீர்கள்.

"ஆமென்."

நான் எழுந்துவிட்டேன். மாடிப்படி இறங்கினேன். ஒத்துக்கொண்டுவிட்டீர்கள் என்று புரிந்தது. வேறு எதற்கு ஆமென்? வாதாடவில்லை, வசனம் சொல்லவில்லை, 'ஆனா' என்று இழுக்கவில்லை. என் ஜெபம் ஒன்றை முதன்முறையாகக் கடைசிவரை விட்டீர்கள். அந்த வாரமே நீங்கள் போய்விட்டீர்கள். அடக்கத்தில் நான் அழவில்லை. எஸ்தர் அழுதாள், ஆனால் அவள் சீரியலுக்கும் அழுவாள்.

அதற்கப்புறம் ஒரு வருஷம், அக்கா, நான் தூங்கிய தூக்கம் இருக்கிறதே. அலாரத்தை எடுத்துவிட்டேன். குழுவும் கலைந்துவிட்டது, எஸ்தர் பஸ்ஸுக்கு மாறிவிட்டாள், நம் பெஞ்சில் இப்போது காது அடைத்த பெண்கள் தனியாகச் சிரித்துக்கொண்டு வருகிறார்கள். ஜோயல் வேலைக்குப் போகிறான். கால் தேயும் சத்தம் கேட்கும்போது, லாரி, லாரிதான் என்று சொல்லிக்கொண்டு திரும்பிப் படுத்துவிடுவேன். உங்கள் ஆமெனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினேன் என்றே சொல்லலாம். எப்போதாவது, தோன்றினால், திரிசூலம் வரும்போது ஓர் அதிகாரத்தைப் போனில் திறந்து வாசிப்பேன். பயமில்லாமல் வாசித்தால் லேவியராகமத்திலேயே அங்கங்கே சிரிப்பு வருகிறது. கடனுக்கு இல்லாமல் ஆசைக்கு ஜெபம் பண்ணுவது எப்படி என்று அந்த ஒரு வருஷத்தில்தான் கொஞ்சம் பழகினேன். உங்களிடமிருந்து நான் கொண்டுவந்தது இது ஒன்றுதான், அதையும் நீங்கள் கடைசி மூச்சில் கொடுத்தீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மல்லிகாவிடம் சொன்னபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெரிய மனசுக்கா அந்தம்மாவுக்கு" என்றாள்.

போன மாதம் உங்கள் முதலாண்டு நினைவு ஸ்தோத்திரக் கூட்டம். பிரியாணிக்கு முன்னால் உங்கள் மகள் என்னை அறைக்குள் கூப்பிட்டு இந்தப் பைபிளைக் கையில் கொடுத்தாள். "அம்மா உங்களப் பத்திதான் ரொம்பப் பேசுவாங்க" என்றாள். உறையின் முன்பக்க ஜிப்பைத் திறந்து, உள்ளே இருந்த ஒரு சின்ன வட்ட டப்பாவையும் காட்டினாள்.

"அம்மாவோட காது மிஷின், ஆன்ட்டி. முக்காட்டுக்குள்ள போட்டிருப்பாங்க, யாருக்கும் தெரியக் கூடாதுன்னு. ஆஸ்பத்திரியில சேத்த அன்னைக்கே தொலைஞ்சிடும்னு கழட்டி எங்கிட்ட குடுத்துட்டாங்க. அப்புறம் போடவே இல்ல. யார் வந்து குனிஞ்சு வாயசைச்சாலும் ஜெபம் பண்றாங்கன்னு நெனச்சிக்குவாங்க. முடிச்சதும் ஆமென் சொல்லிடுவாங்க. கேன்டீன்காரர் இட்லியா பொங்கலான்னு கேட்டாலும் ஆமென்தான்."