கதவுக்காகப் போட்ட ஓட்டு

டாப்ஸ் கார்னர்ஸ்,
நியூயார்க் மாநிலம்.
12 நவம்பர் 1961

அன்பு மகள் ரோசலீனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், அங்கே ஆரிகனில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாயிருக்க ஞாயிறுதோறும் வேண்டிக்கொள்கிறோம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறாதே என்றால்தான் கேட்பதில்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை.

செவ்வாய்க்கிழமை ஓட்டு நடந்தது. ரயில் கம்பெனிகள் புதுப் பெட்டி வாங்கக் கடன் வாங்குமாம், அதற்கு மாநில அரசு ஜாமீன் நிற்கலாமா கூடாதா என்று ஜனங்களைக் கேட்டார்கள். லாபம் கொழித்த காலத்தில் ஒரு திருகாணிகூட மாற்றாத முதலாளிகளுக்கு நம் வரிப்பணம் ஜாமீனா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போதாததற்கு, ரயில் கண்டக்டர்கள் நாங்கள் எல்லாரும் 'ஆம்' என்று எழுதிய வில்லையைச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வேறு. என்னுடையதைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, "என்ன ஹாகர்ட்டி, ரிட்டயர் ஆக அஞ்சு மாசம்தானே இருக்கு, ஒழுங்கா இருந்துட்டுப் போங்களேன்" என்று பல்லைக் காட்டினான்.

மிஸ் கிரான்ஸை உனக்குத் தெரியாது, பதினாலு வருஷமாக என் பெட்டியில் நகரத்துக்கு வேலைக்குப் போன டைப்பிஸ்ட். ஜனவரியில் பெட்டிக் கதவு அவள் கைமேல் அறைந்து சாத்திக்கொண்டது, இரண்டு விரல் போயிற்று, வேலையும் போயிற்று. அந்தக் கதவு பழுது என்று நான் மூன்று தடவை எழுதிக் கொடுத்திருந்தேன். ஆனால் கம்பெனி வக்கீல் நீட்டிய தாளில், அவள்தான் கவனமில்லாமல் கையை வைத்தாள் என்று கையெழுத்துப் போட்டவனும் நான்தான் ரோசலீன். அம்மாவிடம்கூட நேற்றுவரை சொல்லவில்லை.

ஓட்டன்று காலையில் ஸ்டேஷன் வாசலில் அதே மிஸ் கிரான்ஸ், மிச்சமிருந்த விரல்களில் நோட்டீஸைப் பிடித்துக்கொண்டு 'ஆம்' போடச் சொல்லி நிற்கிறாள். இந்த அயோக்கியப் பயல்களுக்கா ஓட்டுக் கேட்கிறாய் என்று கத்திவிட்டேன். "அவங்களுக்கு யாரு கேட்டா? அவங்க நாசமாப் போகட்டும். நாளைக்கு ஏறப்போறவளுக்கு ஒழுங்கா மூடுற கதவு வேணும், அதுக்குக் கேக்குறேன். நீங்களும் போடுங்க மிஸ்டர் ஹாகர்ட்டி" என்றாள். அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட்டது அவளுக்குத் தெரியும், ஆனால் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. போய் 'ஆம்' போட்டேன், வெளியே வந்து காறித் துப்பினேன்.

'ஆம்' ஜெயித்துவிட்டது. வெள்ளிக்கிழமை கம்பெனியில் விருந்து. ஜனங்கள் எங்களை நம்பினார்கள் என்று முதலாளி கண் கலங்கிப் பேச, எல்லாரும் கை தட்டினார்கள். அப்புறம் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, முப்பது வருஷ நேர்மையான சேவைக்கு என்று பதக்கம் குத்தினார்கள். நேர்மை என்ற சொல் காதில் விழுந்ததும் அருவருப்பாயிற்று, அவர்களைப் பார்த்தல்ல, என்னைப் பார்த்து. சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

நேற்று மிஸ் கிரான்ஸுக்காக நஷ்டஈட்டுக் கேஸ் நடத்தும் வக்கீலிடம் போய் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன், முன்பு கையெழுத்துப் போட்டுச் சொன்னது பொய் என்றும் எழுதினேன். பென்ஷன் போகலாம், என்மேல் கேஸும் வரலாம். அம்மா கேட்டுவிட்டு, "ஜனவரியிலேயே போயிருக்கணும்" என்றாள், அவ்வளவுதான். ஊர் வாயிலிருந்து இந்தச் செய்தி உனக்கு வருமுன் என் கையாலேயே வரட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு எங்களால் வர முடியாது, குழந்தையிடம் பக்குவமாகச் சொல்லு. ஆண்டவர் உங்கள் மூவரையும் காப்பார். என்மேல் கோபமென்றாலும் அம்மாவுக்குத் தவறாமல் கடிதம் போடு.

உன் அப்பா,
கார்னீலியஸ் ஹாகர்ட்டி